வந்து போகும் ஓவியங்கள்



எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்று சென்னையில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "அஞ்சாவது படிக்கும்போது ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க" என்பார் ஒருவர். "ஊர்லேருந்து மச்சான் பிள்ளைங்க வந்தப்ப திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டக் கூட்டிப் போனேன்" என்பார் இன்னொருவர். பாந்தியன் சாலையில் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர்கூட ஜன்னல் வழியாக அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்ப்பாரே தவிர, இறங்கி உள்ளே போனதாகச் சொல்ல மாட்டார். இதற்குச் சென்னையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஊரில் கேட்டாலும் பதில் ஏறக்குறைய இதுதான்.

இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கே ஓடிவிடப் போகிறது என்கிற நிம்மதிதான் காரணம். எழும்பூரில் நிற்கும் திருவாலங்காட்டு நடராஜர் நாளைக்கும் இருப்பார், அடுத்த வருஷமும் இருப்பார். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை துணிக்கடைக்குப் போகலாம். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இதே நடராஜரின் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு மயங்கிப்போய் ஒரு கட்டுரை எழுதினார். நேரில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நமக்கோ எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். அதனாலேயே போவதில்லை.

இந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைப்பதற்கு அருங்காட்சியகங்கள் கையாளும் வழிதான் தற்காலிகக் கண்காட்சி. ஆறு வாரமோ மூன்று மாதமோ, ஒரு கூடத்தில் சில ஓவியங்களை மாட்டுகிறார்கள். அதற்கு ஒரு தொடக்க நாள், ஒரு கடைசி நாள். கடைசி நாளுக்குப் பிறகு அவை வந்த இடத்துக்கே போய்விடும். இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கூட்டம் வருவதற்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்பது சென்னை அருங்காட்சியகத்துக்கு ஆரம்பத்திலேயே தெரிந்த சங்கதி. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் ஒரு ராணுவ மருத்துவர். 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில், மதராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 பாறை மாதிரிகளோடு தொடங்கினார். பாறை பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? 1854இல் பாந்தியன் என்ற பழைய பொழுதுபோக்கு மண்டபத்துக்கு இடம் மாறினார். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் நாடகத்துக்கும் கூடிய இடம் அது. உயிருள்ள புலியும் சிறுத்தையும் அங்கே வந்தபிறகு சனம் திரண்டது. பால்ஃபர் அதைக் கவனித்தார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்த விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் மதராஸ் மிருகக்காட்சிசாலை. பின்னால் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூரில் நிலைத்தது.

பழைய சென்னைவாசிகள் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும், அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். காணும் பொங்கலுக்கு இரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்பினால் சென்னை வந்ததாகவே கணக்கில்லை. கல்லூரிக் கட்டடத்தில் பிறந்ததால் 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது. பாடம் பண்ணிய விலங்குகள் இருப்பதால் 'செத்த'. அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். ஆனால் சனங்கள் பெயர் வைப்பதில் அவ்வளவு தப்புச் செய்வதில்லை.

ஒரு கண்காட்சி ஒரு ஓவியரையே உண்டாக்கிவிடும் என்பதற்கும் இதே ஊரில் சாட்சி இருக்கிறது. 1873இல் சென்னையில் நுண்கலைக் கண்காட்சி நடந்தது. திருவாங்கூர்ச் சீமை கிளிமானூரிலிருந்து 25 வயது இளைஞர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். நாயர் பெண் ஒருத்தி கூந்தலில் மல்லிகைச் சரம் சூடிக்கொள்ளும் படம். கவர்னரின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. ரவிவர்மா என்ற பெயர் ஊரறிந்தது அதற்குப் பிறகுதான். மறு வருஷம் தமிழ்ப் பெண் ஒருத்தி இசைக்கருவி வாசிக்கும் படத்துக்கும் இங்கேயே பதக்கம். நம் பாட்டிமார் பூஜை அறையில் கும்பிட்ட லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் முகம் கொடுத்தவர், சில வாரங்கள் மட்டும் திறந்திருந்த ஒரு கூடத்தின் வழியாகத்தான் வெளியுலகத்துக்கு வந்தார். அந்தக் கூடத்தில் மாட்டியிருந்த மற்றவர்களின் படங்களை இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. கண்காட்சி என்றால் அப்படித்தான். பத்துக்கு ஒன்று நின்றாலே பெரிய விஷயம்.

1944இல் கே.சி.எஸ். பணிக்கர் முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் தொடங்கியபோது, இந்த ஊரில் நவீன ஓவியத்துக்கு விற்பனையும் கிடையாது, பெரிய வரவேற்பும் கிடையாது. கண்காட்சி நடத்தி நடத்தித்தான் பார்வையாளர்களைச் சேர்த்தார்கள். 1966இல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்தில் இன்றைக்கும் ஒரு நிரந்தரக் கூடமும், மாறி மாறிக் காட்சி வைக்கும் சிறு கூடங்களும் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொரித்த மீன் சாப்பிடப் போகிறவர்கள், வண்டியை ஈஞ்சம்பாக்கத்தில் அரை மணி நேரம் நிறுத்தலாம். இன்னும் தெற்கே முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் இப்படி வந்து போகும் காட்சிகள் உண்டு.

ஆனால் ஓர் ஊர் அருங்காட்சியகம், அதுவும் பழைய, தூசி படிந்த, நகராட்சி நடத்துகிற ஒன்று, தற்காலிகக் கண்காட்சியை வைத்து எப்படி எழுந்து உட்காரும் என்று கேட்டால், நான் மும்பை பைகுல்லாவைத்தான் காட்டுவேன்.

பைகுல்லா ராணி பாக் மிருகக்காட்சிசாலை வளாகத்தில் டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் இருக்கிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கும் நம் வாசகர்கள், குரங்கு பார்க்கப் போனபோது அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். 1872இல் விக்டோரியா ஆல்பர்ட் பெயரில் திறந்தார்கள். அதற்காகப் பாடுபட்ட மருத்துவரின் பெயரை 1975இல் வைத்தார்கள். உள்ளே இருப்பவை பம்பாயின் பழைய மக்களையும் தொழில்களையும் காட்டும் களிமண் பொம்மைகள், படகு மாதிரிகள், வரைபடங்கள். வெளியே தோட்டத்தில் கல் யானை. காராபுரித் தீவுக்கு எலிபெண்டா என்று போர்த்துக்கீசியர் பெயர் வைக்கக் காரணமான அதே யானைதான். இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது உடைந்து, பிறகு ஒட்டப்பட்டு இங்கே நிற்கிறது. ஒரு பெரிய நகரத்தின் வீட்டுப் பரண் மாதிரியான இடம்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டடம் சிதைந்துபோயிருந்தது. பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும், பஜாஜ் குடும்ப அறக்கட்டளையும், மும்பை மாநகராட்சியும் கைகோத்துப் புதுப்பித்தார்கள். 2005இல் யுனெஸ்கோ விருது, 2008இல் மறு திறப்பு. வழக்கமாக நம் ஊரில் கதை இங்கே முடிந்துவிடும். பெயிண்ட் அடித்தாயிற்று, திறப்பு விழா ஆயிற்று, போட்டோ எடுத்தாயிற்று. அவர்கள் அதற்குப் பிறகுதான் வேலையையே ஆரம்பித்தார்கள். இன்றைய ஓவியர்களையும் சிற்பிகளையும் கூப்பிட்டு, 'எங்கள் பழைய சாமான்களைப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்வது மாதிரி எதையாவது செய்து, அதன் நடுவிலேயே வையுங்கள்' என்றார்கள். சுதர்சன் ஷெட்டி 2010இல் செய்தார். அடுத்த வருஷம் ஜிதிஷ் கல்லட், கர்நாடகத்துக்காரரான எல்.என். தல்லூர். பிறகு ரஞ்சனி ஷெட்டர், அதுல் தோதியா என்று வரிசையாக வந்தார்கள்.

ஜிதிஷ் கல்லட் என்ன செய்தார் தெரியுமா? அப்போதுதான் புதுப்பித்துப் பளபளவென்று திறந்திருந்த கூடத்துக்குள் சாரம் கட்டினார். சாரம் என்றால் நிஜமான மூங்கில் இல்லை. ரெசினும் இரும்பும் கொண்டு வார்த்த, மூங்கில் மாதிரியே கணுவும் நிறமும் இருக்கும் 120 துண்டுகள். தூரத்திலிருந்து பார்க்கிறவர், மறுபடியும் மராமத்து வேலை தொடங்கிவிட்டது என்றுதான் நினைப்பார். கிட்டே போனால் மூங்கிலின்மேல் விலங்குகள், ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருக்கும். மும்பை விக்டோரியா டெர்மினஸ் முகப்பில் செதுக்கியிருக்கும் விலங்குகள்தான் அவை. லட்சக்கணக்கான பேர் தினமும் அவற்றின் அடியில் ரயிலுக்கு ஓடுகிறார்கள், அண்ணாந்து பார்க்க நேரமில்லை. அந்த விலங்குகளை இறக்கிக் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து, ஓயாமல் இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் ஒரு நகரத்தின் சாரத்தில் ஏற்றிவிட்டார்.

எனக்கு இன்னும் பிடித்தது 2013இல் ரீனா சைனி கல்லட் வைத்தது. அதை உள்ளேகூட வைக்கவில்லை, கட்டடத்தின் முகப்பிலேயே தொங்கவிட்டார். பிரம்மாண்டமான ஒரு சிலந்தி வலை. ஆளில்லாத பழைய வீட்டில் ஒட்டடை படிவது மாதிரி முகப்பை மூடிய வலை. நூலால் கட்டியது என்றுதான் தோன்றும். உண்மையில் அது நூற்றுக்கணக்கான ரப்பர் ஸ்டாம்புகளைக் கோத்துச் செய்தது. தாசில்தார் ஆபீசில் மேஜைமேல் இருக்குமே, அதே ஸ்டாம்பு, உருவம்தான் பெரிசு. ஒவ்வொன்றிலும் ஒரு தெருப் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து, பிறகு மாற்றப்பட்ட மும்பைத் தெருக்களின் பழைய பெயர்கள். ஒரு பெயரை உண்டாக்குவதும் அழிப்பதும் கடைசியில் ஒரு ரப்பர் ஸ்டாம்பின் வேலைதானே!

இதைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு ஓர் ஆசை. நம் சென்னையிலும் மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆயிற்று, மவுப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை ஆயிற்று, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை, எட்வர்டு எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. பெயர் மாறியது சரியா தப்பா என்கிற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் எழும்பூரில், ஹென்றி இர்வின் வரைந்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய அந்த இளஞ்சிவப்புக் கல் கட்டடத்தின் முன்னால், சென்னை ஓவியர் யாராவது இந்த ஊர்த் தெருக்களை வைத்து ஒரு மாதம் ஒரு காட்சி வைத்தால், ஆட்டோக்காரர்கூட நிறுத்திவிட்டு உள்ளே வருவார். பழைய பெயர் எல்லாம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தற்காலிகக் கண்காட்சி ஏன் தற்காலிகம் என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல படமாக இருந்தால் மாட்டியது மாட்டியபடியே இருக்கட்டுமே? இருக்கக் கூடாது. வெளிச்சம் ஓவியத்தைத் தின்னும். தைல ஓவியம் கொஞ்சம் தாங்கும். நீர்வண்ணம், காகிதம், பட்டு, இயற்கைச் சாயம் ஏற்றிய கலம்காரி இவையெல்லாம் தாங்காது. காகிதத்தில் செய்த படைப்புக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் காட்டுவதில்லை என்பது அருங்காட்சியகங்களில் பொதுவான வழக்கம். நம் ஆபீஸ் மேஜைமேல் விழும் வெளிச்சம் அதைப் போல ஆறு, எட்டு மடங்கு இருக்கும். மத்தியான வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், லட்சம் லக்ஸ். போன நிறம் திரும்பி வராது. ஆகவே சில மாதம் காட்டிவிட்டு, இருட்டறையில் வருஷக்கணக்கில் படுக்கவைக்கிறார்கள். கூடத்தில் விளக்கு மங்கலாக இருக்கிறதே, கரண்ட் மிச்சம் பிடிக்கிறார்களா என்று கோபப்படாதீர்கள். இரண்டு நிமிஷம் நின்றால் கண் பழகிவிடும்.

அடுத்து, ஈரம். கடலோர ஊர்களில் இதுதான் பெரிய எதிரி. வெளியூரிலிருந்து படம் பெட்டியில் வந்ததும் ஆவலாக உடைத்துத் திறந்துவிட மாட்டார்கள். ஒரு நாள் முழுக்கப் பெட்டி மூடியபடியே கூடத்தில் கிடக்கும். ஏசி காரிலிருந்து மே மாதத்துச் சென்னையில் இறங்கினால் மூக்குக் கண்ணாடி வேர்க்கிறதே, அது ஓவியத்துக்கு நடக்கக் கூடாது. பிறகு திறப்பார்கள். படத்தோடு கூடவே ஒருவர் வந்திருப்பார், கொடுத்த அருங்காட்சியகத்தின் ஆள். பிள்ளையை விடுதியில் சேர்க்க வந்த தகப்பனார் போல அவர் நகரவே மாட்டார். வெடிப்பு எங்கே, வண்ணம் உரிந்த இடம் எங்கே, சட்டத்தின் எந்த மூலையில் கீறல் என்று ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். போட்டோவும் எடுப்பார்கள். திரும்ப அனுப்பும்போது அதே தாளை வைத்து மறுபடி சரிபார்ப்பு. சுவரிலிருந்து இறக்கிய நிமிஷம் முதல் திரும்ப அதே சுவரில் ஏறும்வரை காப்பீடு.

இவ்வளவு செய்தும் சில சமயம் கைவிட்டுப் போகும். பாட்னாவில் 1917இல் கங்கைக் கரையில் கிடைத்த திதார்கஞ்ச் யட்சி சிலையை எண்பதுகளில் இந்தியத் திருவிழாவுக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கன்னத்தில் சிராய்ப்போடு திரும்பினாள். அவளை இனி வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று. 2007 டிசம்பரில் நடந்தது இன்னும் கொடுமை. பாரிஸ் கீமே அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைப்பதற்காக வங்கதேசம் தன் பழஞ்சிற்பங்களை அனுப்பியது. டாக்கா விமான நிலையத்திலேயே ஒரு பெட்டி திருடுபோனது. அதில் இருந்தவை குப்தர் காலத்துச் சுடுமண் விஷ்ணு சிலைகள் இரண்டு. பின்னால் கிடைத்தவை உடைந்த துண்டுகள்தான். கண்காட்சி ரத்து. ஒரு பொருளை இரவல் கொடுக்க அருங்காட்சியகங்கள் தயங்குவதைக் கஞ்சத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தற்காலிகக் கண்காட்சி என்றதும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பெரிய பெரிய சாமான்கள் வந்து இறங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். 2017, 2018இல் பிரிட்டிஷ் மியூசியமும் நம் அருங்காட்சியகங்களும் சேர்ந்து இந்தியாவையும் உலகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய கண்காட்சி மும்பைக்கும் டெல்லிக்கும் வந்தது, சென்னைக்கு வரவில்லை. வருத்தம்தான். ஆனால் அதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. பிரிட்டிஷ் மியூசியத்திடம் ஏறக்குறைய 80 லட்சம் பொருள்கள் இருக்கின்றன. அதில் மக்கள் பார்வைக்கு இருப்பது நூற்றில் ஒரு பங்கு. உலகத்தில் எந்த அருங்காட்சியகத்தை எடுத்தாலும் கூடத்தில் இருப்பதைவிடக் கிட்டங்கியில் இருப்பதுதான் அதிகம். நம் மாவட்ட அருங்காட்சியகங்களும் விதிவிலக்கல்ல. விமானமும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம். பின்கட்டிலிருந்து முன்கட்டுக்குக் கொண்டுவந்தால் போதும்.

ஊருக்குள்ளேயே இரவல் வாங்கவும் செய்யலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த கொண்டையராஜு என்ற ஓவியரைத் தெரியுமா? பெயர் தெரியாவிட்டாலும் படம் தெரியும். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். கம்பெனியோடு வந்து கோவில்பட்டியில் தங்கிவிட்டார். சிவகாசி அச்சகங்களுக்கு அவரும் அவருடைய சீடர்களும் எழுதிக் கொடுத்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் காலண்டராக அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் போனார்கள். மேலே தகரப் பட்டி, நடுவில் சாமி, கீழே மளிகைக்கடையின் பெயரும் ஊரும். டிசம்பர் முடிந்ததும் தேதித் தாள்களைக் கிழித்துவிட்டுச் சாமியை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டார்கள். கத்தரித்த இடத்தில் கடைப்பெயரின் மேல் பாதி தெரிந்துகொண்டிருக்கும். ரவிவர்மாவுக்குப் பிறகு தமிழர்கள் அதிகமாகப் பார்த்த ஓவியங்கள் இவையாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. இவற்றைக் கலை என்று சொல்ல நம் ஓவியக் கூடங்களுக்கு ரொம்ப நாள் கூச்சம் இருந்தது.

திருநெல்வேலி, விருதுநகர் பக்கத்தில் ஒரு மாதக் காட்சி வைத்து, 'உங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் பழைய காலண்டர் படத்தைக் கொண்டுவாருங்கள், ரசீது தருகிறோம், மாதக் கடைசியில் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்' என்று ஒரு நோட்டீஸ் அடித்தால் என்ன ஆகும்? முதல் வாரத்திலேயே சுவர் நிரம்பிவிடும். கொடுத்தவர் குடும்பத்தோடு வருவார். 'அது எங்க வீட்டுப் படம்' என்று பேரனைத் தூக்கிக் காட்டுவார். அந்தப் பேரன் பக்கத்து அறையில் இருக்கும் கல்வெட்டையும் முதுமக்கள் தாழியையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்க் கண்காட்சிகளில் பல, திறப்பு விழாவோடு இறந்துபோகின்றன. ரிப்பன், குத்துவிளக்கு, பொன்னாடை, எல்லோரும் வரிசையாக நின்று ஒரு போட்டோ. பேனரில் பிரமுகர் முகம் இருக்கும், ஓவியத்தின் ஒரு மூலைகூட இருக்காது. மறுநாள் போனால் கூடத்தில் காவலரும் மின்விசிறியும்தான். ஒரு மாவட்டத் தலைநகரில் பழைய துணி ஓவியம் ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். போர்க்களம், குதிரைகள், குடை பிடித்த ஆட்கள், ஓரத்தில் அழிந்துபோன எழுத்துகள். கீழே இருந்த அட்டையில் 'ஓவியம், துணி, 19ஆம் நூ.' என்று மட்டும் போட்டிருந்தது. துணி என்பது எனக்கே தெரிகிறது. எந்த ஊர்க் கோயிலில் தொங்கியது, யார் எழுதச் சொன்னது, அந்தக் குதிரைமேல் இருப்பவர் யார், எப்படி இங்கே வந்து சேர்ந்தது? நாலு வரி எழுதியிருந்தால் அந்தப் படம் வாய் திறந்திருக்கும். அதற்குக் கோடிக்கணக்கில் நிதி ஒதுக்க வேண்டியதில்லை. காப்பாட்சியருக்குத் தெரிந்ததைத் தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் அச்சடித்து, வயசானவர்கள் குனியாமல் படிக்கும் உயரத்தில் ஒட்டினால் போதும்.

காப்பாட்சியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பல ஊர்களில் ஒரே ஆள்தான் பதிவேடு எழுத வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்ட வேண்டும், கூரை ஒழுகினால் பொதுப்பணித் துறைக்குக் கடிதமும் எழுத வேண்டும். அதற்கு நடுவிலும் கோடை முகாம், நாணயக் கண்காட்சி, தபால்தலைக் கண்காட்சி, பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி என்று நடத்திக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். மே 18ஆம் தேதி உலக அருங்காட்சியக நாளுக்கு ஏதாவது ஒரு புதுக் காட்சி அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கும். நாம்தான் எட்டிப் பார்ப்பதில்லை. நாலு பேர் வந்து போனால் அடுத்த காட்சிக்கு அவர் மேலிடத்தில் தைரியமாகக் கேட்பார். ஆகவே வாசலில் இருக்கும் பார்வையாளர் பதிவேட்டில் 'நன்று' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எது பிடித்தது, எது புரியவில்லை என்று எழுதுங்கள். அந்த நோட்டுதான் அவருக்குக் கிடைக்கும் ஆதாரம்.

போகும்போது சில விஷயம். தொடங்கிய முதல் இரண்டு வாரத்திலேயே போய்விடுங்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோரும் வருவார்கள், தலைகளைத்தான் பார்க்க முடியும். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தெரியாமல் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பாதீர்கள். எல்லாப் படத்தையும் பார்த்தே தீருவது என்று வைராக்கியம் வேண்டாம். ஒருமுறை வேகமாகச் சுற்றிவிட்டு, இழுத்துப் பிடித்த இரண்டின் முன்னால் மட்டும் கால் வலிக்கும்வரை நில்லுங்கள். போனில் படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் மட்டும் எங்கேயும் கூடாது. பிள்ளைகளிடம் ஒரு பென்சிலும் நாலு தாளும் கொடுத்துவிட்டால், அவர்களே உங்களைவிட அதிக நேரம் உட்கார்ந்திருப்பார்கள். புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். ஓவியரே கூடத்தில் ஒரு மூலையில் டீ குடித்துக்கொண்டிருப்பது நம் ஊர்க் கண்காட்சிகளில் சகஜம். ஆள் வந்து கேட்டால் அவருக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை.

ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்று பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் பஸ்ஸில் ஏற்றி, ஒரே நாளில் மூன்று ஊர் காட்டிக் களைத்துப்போக வைப்பதற்குப் பதில், உள்ளூர் அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு காட்சிக்கு ஒரு வகுப்பை மட்டும் அழைத்துப் போங்கள். முன்கூட்டியே காப்பாட்சியருக்கு ஒரு போன் போட்டால் அவரே நின்று விளக்குவார்.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒன்று செய்யப் போகிறோம். அடுத்த இதழிலிருந்து கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் பாதியை ஊர்க் கண்காட்சிகளுக்கு ஒதுக்குகிறோம். சென்னை, மதுரை, கோவை மட்டுமல்ல, உங்கள் தாலுகா நூலகக் கூடத்தில் நடப்பதாக இருந்தாலும் சரி. விளம்பரக் கட்டணம் எதுவும் கிடையாது. ஊர், இடம், தொடங்கும் நாள், முடியும் நாள், வார விடுமுறை, நுழைவுக் கட்டணம் ஆகிய விவரங்களை ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். பதினைந்தாம் தேதிக்குள் கைக்குக் கிடைத்தால் அடுத்த மாத இதழிலேயே வெளிவரும்.

அன்புடன்,
ஆசிரியர்